குறுக்கே நின்ற பால் வண்டி

க்ளெம் டெபட்டைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அவர் கிறுக்கர். இன்னொரு கட்சிக்கு அவர் நல்ல பால்காரர், ஆனால் கிறுக்கர். நான் மூன்றாவது கட்சி. அதில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். பரவாயில்லை, எனக்குக் கூட்டம் ஒத்துவராது.

நார்தாம்ப்டன்ஷயரில் எங்கள் ஊருக்குப் பூட்ஸ் தைப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. க்ளெமுக்கோ தோல் வாடை குமட்டியது. பதினைந்து வயதில் தொழிற்சாலையில் சேர்ந்து, அந்த வாரமே ஓடிவந்து, பால் பண்ணை வண்டியில் ஏறிவிட்டார். பேட்டரியில் முனகிக்கொண்டு போகும் வண்டி அது. ஏற்றத்தில் நாய்கள் அதை முந்திக்கொண்டு போகும். இருட்டோடு கிளம்பி வாசல் வாசலாகப் பாட்டில் வைத்தால் பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும், மீதி நாள் அவருடையது. அவர் மனைவி ஈனிட் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "மீதி நாள் பூரா அந்தக் காருங்களோடது" என்பாள்.

அவள் சொன்னது ஆக்ஸன்டைக்கில் ஓடிய கார்களை. போர்க்காலத்தில் விமானங்கள் ஏறி இறங்கிய தளம் அது, பிறகு ரேஸ் கார்கள் ஓடும் பாதையாகிவிட்டது. நானும் க்ளெமும் அங்கே மார்ஷல்கள். கொடி காட்டுவோம், உடைந்து விழுந்ததைப் பொறுக்குவோம், தீப்பிடித்தால் அணைப்போம், மாட்டிக்கொண்டவனை வெளியே இழுப்போம். இதற்குச் சம்பளம் கிடையாது. இன்னொரு முறை சொல்கிறேன், வெளியூர்க்காரர்கள் இதை நம்புவதே இல்லை: சம்பளம் கிடையாது. ஆரஞ்சு நிற அங்கியை நாமே வாங்க வேண்டும், சாண்ட்விச்சை நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும். க்ளெமின் கையுறைகளைத் தைத்ததும் நான்தான், எங்கள் தொழிற்சாலையில் மிஞ்சிய பூட்ஸ் தோலில். பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர்கள் மெதுவாக ஒரு சுற்று வந்து எங்களைப் பார்த்துக் கையசைப்பார்கள். அதுதான் கூலி. அந்தக் கையசைப்புக்காக மழையில் நாள் முழுக்க நின்றுவிட்டுப் பல்லை இளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள்.

பிறகு டர்போ கார்கள் வந்தன. முதல் கார் எங்களைக் கடந்து போனபோது க்ளெம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏவிஸ், என் வயித்துக்குள்ள இடிக்குது பாரு!"

"அது நீ தின்ன பன்றிக்கறி. தள்ளி நில்லு."

கிண்டல் செய்தேனே தவிர நானும் ஓரடி பின்னால் போய்விட்டேன். விசில் மாதிரி ஒரு சத்தம், பின்னாலேயே இடி, ஓட்டுநர் காலை எடுத்தால் புகைக்குழாயிலிருந்து கை நீளத்துக்குத் தீ. என்ஜின் என்னவோ எங்கள் கசாப்புக் கடைக்காரர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும் காரில் இருக்கும் அளவுதான். ஆனால் வெளியே போகிற சூடான புகையைப் பிடித்து, அதை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரத்தால் காற்றை என்ஜினுக்குள் திணித்தார்கள். அதுதான் டர்போ. எவ்வளவு திணிக்கலாம் என்பதற்கு ஓட்டுநர் கைப்பக்கம் ஒரு திருகு. திருகினால் ஆயிரம் குதிரைச் சக்தி. இன்னும் திருகினால் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. "அளக்கிற மெஷின் அதுக்கு மேல காட்டாதுங்க" என்று மெக்கானிக்குகள் பெருமையாகச் சொல்வார்கள். அளக்க முடியாத ஒன்றின் மேல் ஒரு பையனை உட்கார வைத்து ஓட்டு என்று சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தப் பையனின் கால்கள் முன் சக்கரங்களுக்கும் முன்னால் நீட்டியிருக்கும். எங்கே மோதினாலும் முதலில் போய் நிற்பது அவன் பாதம்தான். முதுகுக்குப் பின்னால் குளிக்கிற தொட்டி நிறைய எரிபொருள். நாமெல்லாம் காரில் ஊற்றுகிற பெட்ரோல் இல்லை அது. மூடியைத் திறந்தாலே கண் எரியும், தலை வலிக்கும். அவன் காலை அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது. என்ன ஆயிற்று என்று அவன் யோசிக்கும்போது எல்லாக் குதிரையும் ஒரேயடியாக வந்து முதுகில் உதைக்கும், அதுவும் வளைவின் நடுவில். டர்போ செக்கச்செவேலென்று பழுத்திருக்கும், என்ஜின் நின்ற பிறகும் ஆறாது. சனிக்கிழமை வேகத் தேர்வுக்கென்று தனி என்ஜின் வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று சுற்று தாங்கினால் போதும், அப்புறம் குப்பைக்குப் போய்விடும். என்ஜின்தானே, வேறு இருக்கிறது என்றார்கள்.

பந்தய ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்போம். தீயணைப்பு வண்டி, டாக்டர், ஹெலிகாப்டர் எல்லாம் இருக்கும். தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள் அல்லவா? ஆனால் இந்தக் கார்கள் பந்தயத்தில் ஓடியதைவிட அதிகமாக ஓடியது வார நாட்களில்தான். காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிற புது இறக்கையை மாட்டிப் பார்க்க, புது டயரைத் தேய்த்துப் பார்க்க, குழுக்கள் பாதையை வாடகைக்கு எடுத்துச் சோதனை ஓட்டம் நடத்தும். அதே கார், அதே வேகம், அதே எரிபொருள். ஆனால் அந்த நாட்களில் வளைவுகளில் யாரும் இருக்க மாட்டார்கள். விதிப் புத்தகத்தில் பந்தய நாளைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. சோதனை நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் தீ சுடாது என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

மார்ஷல்கள் எல்லாரும் வார நாளில் வேலைக்குப் போகிறவர்கள். வரக்கூடியவர்கள் இரண்டே பேர். பத்து மணிக்கு ஓய்ந்துவிடும் க்ளெம் ஒருவர். வெளிநாட்டுப் பூட்ஸ் வந்து இறங்கியதில் எங்கள் தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள் மூடிக்கிடந்தது, அதனால் நான் இன்னொருத்தி. ஆக்ஸன்டைக் கேன்டீனுக்குப் பால் ஊற்றுவதும் க்ளெம்தான். அதைக் கடைசியாக வைத்துக்கொள்வார். பாலை இறக்கிவிட்டு, வண்டியைக் கேன்டீன் பின்னால் நிறுத்திவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டு கொடியோடு வருவார்.

அப்படிப் பழக்கமானவன்தான் ரோரி கின்னெல். ஸ்காட்லாந்துப் பையன். நீல நிறக் கார்கள் வைத்திருந்த குழுவில் சோதனைக்கு மட்டும் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்குப் பெரிய பெயர்கள் இருந்தார்கள், இவனுடைய முறை வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காலையில் க்ளெமின் வண்டியிலிருந்து ஒரு பாட்டிலை உருவி அப்படியே குடிப்பான்.

"உங்க வண்டில எத்தன குதிர, மிஸ்டர் டெபட்?"

"குதிரையெல்லாம் இல்லப்பா. நமக்கு மாடுதான்."

ஒவ்வொரு முறையும் இதையே கேட்பான், அவரும் இதையே சொல்வார், இரண்டு பேரும் புதிதாகக் கேட்ட மாதிரி சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதையிலேயே வேகமான வளைவில், ரோரியின் காரில் பின்னிறக்கை பிய்த்துக்கொண்டு போனது. கார் எகிறி, தலைகீழாக விழுந்து, புல்லில் இழுத்துக்கொண்டே போய் நின்றது. நாங்கள் ஓடிப்போவதற்குள் பற்றிக்கொண்டது. நான் தீயணைப்பானிலிருந்து பொடியை அடித்தேன், தீ அடங்கியது. க்ளெம் குப்புறப் படுத்து உள்ளே கையை விட்டு, பெல்ட்டைத் தேடினார். ரோரி பேசினான்.

"கால் மாட்டிக்கிச்சு, மிஸ்டர் டெபட். காரத் தூக்குங்க. கொஞ்சம் தூக்கினாப் போதும்."

தூக்கினோம். அசையவில்லை. ஆறேழு பேர் இருந்தால் ஒரே மூச்சில் புரட்டிப் போட்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் புரட்டியிருக்கிறோம். அன்று நாங்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி நான். எரிபொருள் சொட்டிக்கொண்டே இருந்தது, டர்போ பழுத்துக்கொண்டே இருந்தது. அணைத்த தீ மறுபடி பற்றியது. மறுபடி அணைத்தேன். மறுபடி பற்றியபோது என் கையில் இருந்தது காலி டப்பா. க்ளெம் அப்போதும் கையை வெளியே எடுக்கவில்லை. நான் அவர் காலைப் பிடித்து இழுத்தேன், என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் அப்படிப் பேசி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெக்கானிக்குகள் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். அவர்களும் சேர்ந்து காரைப் புரட்டியபோது ரோரி பேசுவதை நிறுத்தியிருந்தான்.

ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். கணுக்காலில் ஒரு எலும்பு முறிவு, மற்றபடி காயமே இல்லை, புகைதான் கொன்றது என்று டாக்டர் சொன்னார். ஆயிரம் குதிரையும் அவனைக் கொல்லவில்லை. கூடத் தூக்க நாலு பேர் இல்லாமல் செத்தான் அந்தப் பையன்.

சாவு விசாரணையில் எல்லாரும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆக்ஸன்டைக் நிர்வாகி பாஸ்கோம், எல்லா ஏற்பாடும் விதிப்படி இருந்தது என்றார். பொய் இல்லை. விதி எதையும் கேட்கவில்லை, அவரும் எதையும் செய்யவில்லை. விபத்து என்று தீர்ப்பாயிற்று. ஆபத்து தெரிந்துதான் அவன் காரில் ஏறினான் என்று பத்திரிகைகள் எழுதின. கார் ஆபத்து என்று அவனுக்குத் தெரியும்தான். காப்பாற்ற ஒரு பால்காரரும் ஒரு பூட்ஸ்காரியும் மட்டும் நிற்பார்கள் என்று அவனிடம் யார் சொன்னது?

இறுதிச் சடங்கு முடிந்து சர்ச் வாசலில் பாஸ்கோம் க்ளெமின் கட்டுப் போட்ட கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரோரியின் அம்மா பக்கத்தில் நின்றாள். "இனிமே ஒரு கார் ஓடணும்னா, தீயணைப்பு வண்டியும் பன்னெண்டு ஆளும் நின்னாத்தான் ஓடும். என் வாக்கு, க்ளெம்" என்றார். கண் கலங்கியிருந்தது. கலங்குவதற்கு என்ன, யாருக்கும் கலங்கும்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த சோதனை நாள் வந்தது. நான் முதலில் போய்விட்டேன். தீயணைப்பு வண்டியைத் தேடினேன், ஆட்களைத் தேடினேன். கார்கள் நின்று கிளம்புகிற பிட் லேனில் நீல நிறக் கார் உறுமிக்கொண்டிருந்தது. பாஸ்கோமைப் பிடித்துக் கேட்டேன்.

"அடுத்த தடவை கண்டிப்பா, ஏவிஸ். இந்தத் தடவை நேரம் பத்தல. ஒன்னும் ஆகாதும்மா, நீங்க ரெண்டு பேரும்தான் இருக்கீங்களே" என்றார்.

பிட் லேனைத் தாண்டிக் கேன்டீனுக்குப் போனேன். க்ளெம் பால் இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கைத் தோல் இன்னும் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. சொன்னேன். மீதிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினார், காலி பாட்டில்களை எண்ணி ஏற்றினார், கேன்டீன்காரியிடம் நாளைக்குக் க்ரீம் வேண்டுமா என்று கேட்டார். பிறகு வண்டியில் ஏறினார். அங்கியை மாட்டவில்லை.

"யோவ், எங்கய்யா போற?"

"வா, ஏறிக்கோ" என்றார்.

கார்கள் பின்னால் நின்று கத்திக்கொண்டிருக்க, எங்கள் வண்டி முனகிக்கொண்டு பிட் லேன் நெடுகப் போயிற்று. பால் வண்டியை யார் தடுப்பார்கள்? ஒருவன் கையைக்கூட அசைத்தான். பிட் லேன் முடிந்து பாதையில் சேர்கிற இடம் குறுகலாக இருக்கும். அங்கே க்ளெம் வண்டியைக் குறுக்கே திருப்பி, சுவருக்கும் வேலிக்கும் நடுவில் சரியாக நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, சாவியை உருவிக் காலுறைக்குள் செருகிக்கொண்டார். பிறகு ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

நீல நிறக் கார் வந்தது. வண்டியை ஒட்டி மூக்கை வைத்து உறுமியது. அந்த என்ஜின்களுக்கு நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது, காற்று முகத்தில் அடிக்காவிட்டால் கொதித்துவிடும். ஓட்டுநர் கையை ஆட்டினார், கத்தினார், கடைசியில் வேறு வழியில்லாமல் என்ஜினை நிறுத்தினார். அத்தனை சத்தத்துக்குப் பிறகு குருவிகள் கத்துவது கேட்டது.

பாஸ்கோம் மூச்சு வாங்க ஓடிவந்தார். "க்ளெம்! உனக்கு என்ன பைத்தியமா? எடு வண்டிய!"

"பன்னெண்டு பேரு வரட்டும். எடுத்துடறேன்."

"அவங்க இன்னைக்கு வாடகைக்கு எடுத்திருக்காங்கப்பா!"

"நீங்க எனக்கு வாக்குக் குடுத்தீங்க. இந்தக் கையப் புடிச்சுக்கிட்டு."

"இப்ப, இந்த நிமிஷம், ஆளுக்கு நான் எங்க போறது?"

"அது உங்க பாடு. எனக்குத் தெரிஞ்சது பால்."

குழுவின் மேலாளர் வந்து கத்தினார். அவர் சொன்னதை எழுத மாட்டேன், என் பேத்தி படிப்பாள். பாஸ்கோம் மெக்கானிக்குகள் பக்கம் திரும்பி, "தள்ளுங்கய்யா இத" என்றார். தலைமை மெக்கானிக் நெவில் கோல், ரோரியின் காரைப் புரட்டியவர்களில் ஒருவர். கையைத் துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு முதுகு வலிங்க."

பக்கத்தில் நின்றவன், "எனக்கும்தான்" என்றான். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்த நிமிடத்தில் முதுகு வலித்தது. என்ஜினைத் தனியாகத் தூக்குகிற கடோத்கஜன் ஒருவன் இருந்தான், அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியே காட்டினான். ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். பிரேசில்காரர், பெரிய பெயர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வளைவைப் பார்த்தார், க்ளெமின் கையைப் பார்த்தார், பிறகு போய்ச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பாஸ்கோம் அலுவலகத்துக்குப் போனார். போலீஸுக்குத்தான் பேசப்போகிறார் என்று நினைத்தோம், அதையும் செய்தார். ஆனால் மேலாளர் அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தார், நேரம் போய்க்கொண்டிருந்தது, அதனால் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு ஃபோன் போட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து ஒரு தீயணைப்பு வண்டியும், அன்று ஓய்வில் இருந்த ஆட்கள் ஒரு வேன் நிறையவும் வந்து இறங்கினார்கள். ஹெல்மெட், குழாய், நுரை எல்லாம் இருந்தது. ஒருவன் இன்னும் வாயில் டோஸ்ட் மென்றுகொண்டிருந்தான். வந்தவர்கள் வளைவு வளைவாகப் பிரிந்து போய் நின்றார்கள்.

க்ளெம் சாவியை எடுத்து, சொன்ன சொல் தவறாமல் வண்டியை நகர்த்தினார். கார்கள் கிளம்பின. ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன், அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். திரும்பினால் புல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பெரிய மனிதர் அப்படித் தேம்பி நான் பார்த்ததில்லை.

"ஒரு ஃபோனு. ஒரே ஒரு ஃபோனு, ஏவிஸ். இவ்வளவுதானா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கஷ்டம், முடியாது, ஆள் கிடைக்காது என்று வருடக்கணக்காகக் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். எண்ணைச் சுழற்றி நாலு வார்த்தை பேசியிருந்தால் ரோரி இருந்திருப்பான். அது யாருக்கும் தோன்றவில்லை, பால் வண்டி நகர மறுக்கும்வரை.

அதற்குப் பிறகு ஆக்ஸன்டைக்கில் எல்லாச் சோதனை நாளிலும் தீயணைப்பு வண்டி நின்றது. ஒரு பத்திரிகை பாஸ்கோமின் படத்தைப் போட்டு முன்னோடி என்று எழுதியது. அதைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தேன். பால் பண்ணை க்ளெமை வண்டியிலிருந்து இறக்கி, பாட்டில் கழுவுகிற இடத்துக்கு மாற்றியது. மார்ஷல்கள் சங்கம் விசாரணைக்குக் கூப்பிட்டது, சங்கத்தின் பெயரைக் கெடுத்ததற்காக. சாட்சி என்று சொல்லி நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோரி செத்ததற்கு யாரையும் எந்த மேசைக்கு முன்னாலும் உட்கார வைக்கவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

சங்கத் தலைவர் கெட்டவர் இல்லை. விஷயத்தை ஆறப்போட்டு முடித்துவிடத்தான் பார்த்தார்.

"மிஸ்டர் டெபட், செஞ்சதுக்கு வருத்தப்படறேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. உங்க மார்ஷல் அட்டை உங்ககிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம வழக்கம் போல வாங்க."

அந்த அட்டை போனால் மார்ஷல் வேலை போய்விடும். அது போனால் அவருக்கு என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும். சொல்லித் தொலைய்யா என்று மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். க்ளெம் காலை நகர்த்திக்கொண்டார்.

"வருத்தம் இருக்குதுங்க" என்றார். தலைவர் முகம் மலர்ந்தது. "ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும். அந்தச் செவ்வாக்கெழமையும் ரெண்டு பேருதான் இருந்தோம். அது எனக்குத் தெரியும். வண்டியும் கேன்டீன் பின்னாடிதான் நின்னுச்சு. நான் அத அங்கயே விட்டுட்டு, கொடியத் தூக்கிக்கிட்டு நடந்து போனேன்."

பிறகு தலைவர் அட்டையை மேசை மேல் வைக்கச் சொன்னார். க்ளெம் வைத்தார். நானும் என்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன், என்னை யாரும் கேட்கவில்லை.